நிறுத்தணும், சொல்லணும்

ஜெகனுடைய போர்டில் இண்டிகேட்டர் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அதை நான் கவனித்தபோது என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. என் ஸ்டார்ட்டருக்குக் கடைசிக் கம்பியைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேச்சே இல்லை. தலைக்கு மேலே பழைய ஃபேன் மட்டும் கடகடத்தது. யாரோ அவசரத்தில் கம்பியின் மேல்தோலைக் கருக்கிவிட்டிருந்தார்கள். அந்தக் காட்டமான வாசனை தொண்டைவரை இறங்கியது.

அது எங்களுக்குக் கடைசிச் செய்முறைத் தேர்வு. ஆளுக்கு ஒரு தடுப்பு. சுவரில் ஒரு மெயின் சுவிட்ச், அது ஆனில் இருப்பதைக் காட்ட ஒரு விளக்கு, கீழே ஸ்டார்ட்டர் பெட்டி, தரையில் ஒரு சின்ன மோட்டார். இணைப்புக் கொடுத்து மோட்டாரை ஓட வைத்துக் காட்ட வேண்டும்.

அடுத்த தடுப்பில் என் நண்பன் ஜெகன். அவன் எனக்கு முன்பே முடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தான். மோட்டார் சுற்றவில்லை. உறுமியது. சிவப்புப் பட்டனை அமுக்கி நிறுத்தினான். ஸ்டார்ட்டரின் மூடியைக் கழற்றிக் கீழே வைத்தான். தலையைப் பெட்டிக்குள் விடாத குறையாகக் குனிந்தான்.

மோட்டார்தான் நின்றிருந்தது. கரண்ட் நிற்கவில்லை. சிவப்புப் பட்டன் மோட்டாரை நிறுத்துமே தவிர, மெயினை இறக்குகிற வரைக்கும் ஸ்டார்ட்டருக்குள் வந்து நிற்கிற கம்பிகளில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். ஜெகனுக்கு இது தெரியாததல்ல. என்னைவிட நன்றாகத் தெரியும். தேர்வாளர் நான்கைந்து தடுப்பு தள்ளி வந்துகொண்டிருந்தார், அவன் மோட்டார் ஓடவில்லை, அவ்வளவுதான்.

அவன் கை உள்ளே போனது.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். அந்த விளக்கைப் பார்த்ததும் என் மனதில் ஓடியது எல்லாம் உங்களுக்கும் தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும்.

பேருந்து நிறுத்தத்தில் என் முகம்

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு: எங்களுக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும். அப்பா கைநாட்டு. அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவார். எங்கள் வகையறாவில் பத்தாவதைத் தாண்டிப் படித்தவன் நான்தான். ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் எலக்ட்ரீஷியன் படிப்பில் சேர்ந்தேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

முதல் வருட மார்க் போனில் வந்த அன்று மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். செய்முறையில் ஏகத்துக்கு இருந்தது. எழுத்துத் தேர்வில் கொஞ்சம் கம்மி. ஆனால் கூட்டினால் பாஸ் மார்க்கை எங்கேயோ தாண்டி நின்றது. வீட்டில் சொன்னேன்.

அம்மா கூடப்பிறந்த மாமா ஒருவர் இருக்கிறார். எங்கள் ஊரில் காளை ஜெயித்தாலும் ஃப்ளெக்ஸ், காளை செத்தாலும் ஃப்ளெக்ஸ். மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் என் முகம் ஆள் உயரத்துக்கு நின்றது. யாருடைய கல்யாணத்திலோ கூலிங்கிளாஸ் போட்டு எடுத்த போட்டோ. பக்கத்தில் மாமாவின் காளை. மேலே கொட்டை எழுத்தில், ‘எங்கள் குலத்தின் முதல் இன்ஜினியர்.’

அன்றைக்கு வகுப்பில் பரிமளா மேடம் என் பெயரைத் தேர்ச்சி பெறாதவர்களோடு சேர்த்து வாசித்தார். அவர்தான் எங்கள் பயிற்றுநர்.

“மேடம், டோட்டல் இருக்கு மேடம்.”

“டோட்டல எவன் கேட்டான்? தியரி தனி, பிராக்டிகல் தனி. இதுல மிச்சம் இருக்குன்னு அதுல ஊத்த முடியாது. மொத நாளே சொன்னேன்ல வீரணா, தூங்குனியா?”

தூங்கவில்லை. அவர் சொன்னது காதில் விழத்தான் செய்தது. ஆனால் எங்கள் வீட்டில் எதையும் அப்படித் தனித்தனியாகப் பார்த்ததில்லை. அப்பாவும் அதையேதான் கேட்டார்.

“நெல்லுல போனா கரும்புல எடுத்துக்கிறோம்ல. அது மாதிரி இல்லையா?”

“இல்லப்பா.”

“அப்ப என்னடா கணக்கு இது?”

அடுப்படியிலிருந்து அம்மாதான் பதில் சொன்னார். “ஏன், மூணு காலு நல்லா இருக்கு, ஒரு காலுதான் நொண்டுதுன்னா மாட்டப் பிடிச்சுட்டு வந்துருவியா நீ?”

அப்பா துண்டை உதறிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். மாமா மட்டும் ஃப்ளெக்ஸை அவிழ்க்க மறுத்துவிட்டார். “அது பாட்டுக்கு நிக்கட்டும்டா. அடுத்த தடவ பாஸாகுவீல்ல? அப்பப் புதுசா அடிக்க வேண்டாம் பாரு.”

நான் எழுதித் தேறுகிற வரைக்கும் அது அங்கேயே நின்றது. வெயிலில் காளையின் நிறம் போய்விட்டது. என் கூலிங்கிளாஸ் மட்டும் போகவில்லை. அந்த வழியாகத்தான் தினமும் பஸ் ஏறினேன்.

வக்கீல்

அதற்குப் பிறகு தேர்ச்சி விதிகளில் ஒரு வரி விடாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். வருகை எவ்வளவு வேண்டும், எதில் தவறினால் எதை மட்டும் திரும்ப எழுதலாம், எதற்கு மறுவாய்ப்பு உண்டு, எதற்குக் கிடையாது. பரிமளா மேடம் சலித்துக்கொண்டே சொல்லுவார். பஸ்ஸில் திரும்பும்போது நான் மற்றவர்களுக்குச் சொல்லுவேன். வகுப்பில் எனக்கு ‘வக்கீல்’ என்று பெயர் விழுந்தது.

வக்கீலிடம் அதிகம் கேள்வி கேட்டவன் ஜெகன். மகால் பக்கம் வீடு. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். அவன் அப்பா ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். போனில் அம்மா கூப்பிட்டால் சட்டென்று வேறு பாஷைக்குப் போய்விடுவான். நாங்கள் அதில் நாலு வசவு மட்டும் கற்றுக்கொண்டு அவனையே திட்டுவோம். உச்சரிப்பைத் திருத்திவிட்டுத் திருப்பித் திட்டுவான். அவன் அம்மா கொடுத்துவிடும் முள்ளுமுருங்கை வடை முதல் இடைவேளையைத் தாண்டியதே இல்லை.

செய்முறைத் தேர்வில் மார்க் இல்லாத ஒரு பகுதி உண்டு. பாதுகாப்பு. அதற்கு டிக் அல்லது குறுக்குக் கோடு, இரண்டுதான். மூடியைத் திறக்கும் முன் மெயினை இறக்க வேண்டும். அதில் பூட்டுப் போட வேண்டும். எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட வேண்டும். டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் தேர்ச்சி இல்லை.

இன்னொன்றும் உண்டு. தேர்வு நேரத்தில் தன் தடுப்பை விட்டு வெளியே வரக் கூடாது. அடுத்தவன் போர்டில் கை வைக்கக் கூடாது. வைத்தால் வைத்தவனுடைய வேலை செல்லாது. உதவிக்குக் கூப்பிட்டிருந்தால் கூப்பிட்டவனுடையதும் செல்லாது. ஒரே ஒரு விலக்குத்தான்: ஆபத்தைக் கண்டால் நிறுத்த வேண்டும், பொறுப்பில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும்.

“நிறுத்தணும், சொல்லணும்,” என்று பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெகனுக்கு விளக்கினேன். “ரெண்டும் செஞ்சாத்தான்டா விலக்கு. ஒண்ண மட்டும் செஞ்சா செல்லாது.”

“யாருகிட்ட மாப்ள சொல்லணும்? ஒங்க மாமாகிட்டயா? ஃப்ளெக்ஸ் அடிச்சு வச்சிருவாரே.”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கடைசித் தேர்வுக்கு முன்பு ஒரு கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். எங்கள் வகுப்பில் சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிபந்தனை, கடைசித் தேர்வில் எல்லாப் பகுதியிலும் ஒரே தடவையில் தேறியிருக்க வேண்டும். என் பெயர் இருந்தது, ஜெகன் பெயரும் இருந்தது. ஒரே ரூம் எடுத்துக்கொள்வது, அவன் சமைப்பது, நான் பாத்திரம் கழுவுவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள்

எங்கள் பக்கம் கிணற்று மோட்டாரைக் கழற்றுவது என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வேலை பார்க்க, ஒருவர் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க. வயல் மோட்டாருக்கு வரும் த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வந்தால், “த்ரீ ஃபேஸ் வந்துருச்சு!” என்று வரப்பு வரப்பாகச் சத்தம் ஓடும். யாராவது ஓடிவந்து நல்லெண்ணத்தில் உங்கள் மோட்டாரையும் போட்டுவிடுவார்கள். அதற்குத்தான் அந்த ஆள்.

நிற்பவர் மெயின் மேல் கை வைத்திருக்க வேண்டும். போன் பேசக் கூடாது. டீ வந்தாலும் அங்கேதான் குடிக்க வேண்டும். வேலை பார்ப்பவர் எழுந்து வந்து, “எடுத்துக்கடா” என்று சொல்லுகிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த வேலையை நானும் பார்த்திருக்கிறேன்.

என் சித்தப்பாவுக்கு வலது கை விரல்கள் மடங்காது. அவருக்கு ஷாக் அடித்த அன்றைக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் தீப்பெட்டி தேடிப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, “யாரும் நிக்கலைங்க, நான் ஒத்தையாத்தான் பாத்தேன்” என்று சித்தப்பாவே சொன்னாராம். நின்றவர் இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறார். முதல் பந்தியில் சாப்பிடுகிறார். சித்தப்பா இடது கையால் அவருக்குத் தண்ணீர் ஊற்றுவார். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. நம்மாளை வெளியாளிடம் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை.

கை மெயின் மேல்

இனி தேர்வுக்கூடத்துக்கு வருகிறேன்.

விளக்கு எரிந்தது. ஜெகன் கை உள்ளே போனது. நான் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். என் தடுப்பை விட்டு வெளியே வந்தது எனக்கே தெரியாது. அவன் தோளுக்கு மேலே கையை நீட்டி மெயின் கைப்பிடியை இழுத்து இறக்கினேன். ‘டக்’ என்ற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. விளக்கு அணைந்தது.

ஜெகன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அவன் ஸ்க்ரூ டிரைவரின் முனை கம்பிக்கு ஒரு நெல் அளவு தள்ளி நின்றது.

“லூசாடா நீ?” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. “போடா ஒன் எடத்துக்கு!”

“லைட்டு எரிஞ்சுச்சுடா.”

நிமிர்ந்து விளக்கைப் பார்த்தான். மெயினைப் பார்த்தான். பூட்டு மேசை மேலேயே கிடந்தது. அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன்.

“சரி, போ. வாராரு, போ மாப்ள.”

போயிருக்கலாம். இரண்டு எட்டுத்தான். ஆனால் அவன் இன்னும் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தான். என் கை மெயினை விடவில்லை.

தேர்வாளர் வந்து நின்றார். வெளியூர்க்காரர். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்திருந்தார். சத்தம் போடவில்லை.

“உன் போர்டு எது?”

“அந்தா, அது சார்.”

“அப்ப இங்க என்ன வேலை? கைய எடு.”

“அவன் எந்திரிக்கட்டும் சார்.”

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். ஜெகன் எழுந்து பின்னால் நகர்ந்தான். அப்புறம்தான் கையை எடுத்தேன். உள்ளங்கை ஈரத்தில் கைப்பிடியே பளபளத்தது.

“இவன் உன்னைக் கூப்பிட்டானா?”

“இல்ல சார். நானா வந்தேன்.”

“எதுக்கு?”

எனக்குப் பதில் தெரியும். எனக்குத் தெரியாத விதியே அந்தக் கல்லூரியில் கிடையாது. நான் வாயைத் திறந்து நடந்ததைச் சொன்னால் எனக்கு விலக்கு. ஜெகனுக்குக் குறுக்குக் கோடு. அத்தோடு அவன் கம்பெனி வேலையும் போகும். சொல்லாமல் நின்றால் என் வேலை செல்லாது, நான் ஊருக்குப் போக வேண்டியதுதான். ‘டெஸ்டர் கேக்க வந்தேன் சார்’ என்று ஒரு பொய் சொன்னால் நான் மட்டும் போவேன், அவன் தப்பித்துக்கொள்வான். மூன்று வழியும் ஒரே நேரத்தில் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜெகன் குனிந்து மூடியை எடுத்தான். தேர்வாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. சத்தமில்லாமல் மூடியைப் பெட்டியில் பொருத்தினான். அவசரத்தில் திருகாணி துளையில் உட்காரவில்லை. என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

வாசலில் பரிமளா மேடம் நின்றார். தேர்வு நேரத்தில் அவர் பேசக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்றியா, இல்ல உன் பேரை அடிக்கவா?” என்றார் தேர்வாளர்.

“மெயின் ஆன்ல இருந்துச்சு சார்,” என்றேன். “மூடியக் கழட்டிட்டான். பூட்டல.”

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். சித்தப்பாவின் விரல்கள் கண் முன்னால் வந்தன என்று எழுதினால் அழகாக இருக்கும். வரத்தான் செய்தன. என் வேலையும் வந்தது, பேருந்து நிறுத்தமும் வந்தது. எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். அந்த விதியில் ‘நிறுத்தணும்’ என்பதுதான் பெரிய விஷயம், ‘சொல்லணும்’ என்பது சும்மா கூட ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நினைத்திருந்தேன். நிறுத்துவதற்கு எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. சொல்வதற்குத்தான் உடம்பிலிருந்த தெம்பெல்லாம் வேண்டியிருந்தது.

தேர்வாளர் ஜெகன் பக்கம் திரும்பினார். “நெஜமா தம்பி?”

ஜெகன் திருகாணியைக் கீழே விட்டான். அது உருண்டு மோட்டாருக்கு அடியில் போனது.

“ஆமா சார்.”

அவர் தாளில் ஒரு கோடு இழுத்தார். “வெளிய போ. மறுதேர்வுக்கு வா.” பிறகு என்னிடம், “உனக்கு இன்னும் நேரம் ஓடிக்கிட்டு இருக்கு. போய் முடி.”

முடித்தேன். என் மெயினில் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி டெஸ்டர் வைத்து, கடைசிக் கம்பியை முறுக்கி, மூடியை மாட்டி, பூட்டை எடுத்து மெயினை ஏற்றி, எல்லாம் வரிசையாகச் செய்தேன். பச்சைப் பட்டனை அமுக்கியதும் என் மோட்டார் ஓடியது. அது அவ்வளவு சத்தமாக ஓடியிருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

ஒத்தக்கடை ஸ்டாப்பில்

ஜெகன் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். மேலூர்ப் பக்கமிருந்து வந்த லாரிகளின் புழுதி எங்கள் இருவர் மேலும் படிந்தது.

“என்ன வக்கீலு, கேஸ் ஜெயிச்சிருச்சா?”

“டேய்…”

“ஆஃப் பண்ணுன, சரி. பூட்டாதது என் தப்பு, சரி. டெஸ்டரு கேக்க வந்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“அப்ப எனக்குப் போயிருக்கும்டா.”

“எனக்குப் போனா பரவாயில்லையா?”

பஸ் வந்தது. அவன் முன்வாசலில் ஏறினான். நான் பின்வாசலில் ஏறப் போனேன். “அடுத்த பஸ்ல வா,” என்று உள்ளே இருந்தே சொன்னான். அடுத்த பஸ்ஸில் போனேன்.

வகுப்பு வாட்ஸப் குழுவில் அன்றைக்கே என் பெயர் மாறிவிட்டது. வக்கீல் போய், ‘அரசுத் தரப்புச் சாட்சி’ ஆனேன். சிலர் நான் செய்தது சரி என்றார்கள். அதைத் தனியாக அழைத்துத்தான் சொன்னார்கள்.

வீட்டில் அப்பா ஒன்றுதான் கேட்டார். “பயலுக்குக் கையில கிய்யில ஒண்ணும் ஆகலல்ல?”

“ஆகலப்பா.”

“அப்பச் சரி.”

அம்மாவுக்குச் சரிப்படவில்லை. “அவங்க அம்மா கேட்டா என்னடா சொல்லுவ? அம்புட்டு வடை தின்னுருக்க.”

சித்தப்பா கொட்டத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வெளியாளுகிட்டயே சொல்லிட்டியா?” என்றார்.

“சொல்லிட்டேன் சித்தப்பா.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. இடது கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். அப்புறம், “ம்,” என்றார். அவ்வளவுதான்.

வாசலில் செருப்பு

முடிவு வந்தது. நான் எல்லாப் பகுதியிலும் தேறியிருந்தேன். கம்பெனியிலிருந்து சேரச் சொல்லி அழைப்பும் வந்தது. வீட்டில் சொன்ன கையோடு மாமாவிடம் ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன்.

மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்க மறுநாள் கடைசி நாள் என்று பரிமளா மேடம் போன் செய்தார். “ஜெகன் போனையே எடுக்க மாட்டேங்குறான். எல்லாத்தையும் திரும்ப எழுதணும்னு நெனச்சுக்கிட்டு இருக்கான் போல. நீ போய்ச் சொல்லு.”

“நான் போனா அவன்…”

“வேற யாரு போவா?”

போனேன். மகாலுக்குப் பின்னால் சின்னச் சந்து. கதவைத் திறந்த அவன் அம்மா என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

“அவன் இல்லையேப்பா.”

அவன் செருப்பு வாசலில் கிடந்தது. அதை நானும் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“பரவாயில்லம்மா. ஒங்ககிட்டயே சொல்லிட்டுப் போறேன். அவன் எல்லாத்தையும் திரும்பச் செய்ய வேண்டாம். தியரி பாஸு, அது அப்பிடியே நிக்கும். மத்த பிராக்டிகலும் நிக்கும். அந்த ஒண்ணு மட்டும் செஞ்சாப் போதும். தனித்தனியாத்தான் கணக்கு. நாளைக்குள்ள பேரு குடுத்துறணும்.”

“ஒண்ணு மட்டுமா?”

“ஒண்ணே ஒண்ணுதாம்மா.”

“அவன் எல்லாம் போச்சுன்னு அவங்க அப்பாகூடக் கடை வேலைக்குப் போறேங்குறானே.”

என்னை முதல் வருடம் கவிழ்த்த அதே விதி இப்போது அவனைத் தாங்கிப் பிடித்திருந்தது. ஆனால் அவனுக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

அவர் உள்பக்கம் திரும்பித் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். பதில் வரவில்லை. மறுபடி கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரும் வரவில்லை.

“தம்பி,” என்றார் என்னிடம் திரும்பி. “என் மகன் கை நல்லா இருக்கு. அதனால ஒன்னயத் திட்ட எனக்கு வாய் வரல. ஆனா வேல போயிருச்சேன்னு வயிறு எரியத்தான் செய்யுது. ரெண்டும் இருக்கு. நான் என்ன செய்ய?”

அவர் உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் மாலை பரிமளா மேடத்திடமிருந்து ஒரே வரியில் செய்தி வந்தது: ‘பேர் குடுத்துட்டான்.’

ஜன்னலுக்கு வெளியே

நான் கம்பெனிக்குக் கிளம்ப வேண்டிய வாரத்தில்தான் அவனுடைய மறுதேர்வு வந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. போய், கூடத்துக்கு வெளியே வராண்டாவில் ஜன்னலோரம் நின்றேன். அவன் அம்மா கேட்டுக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில், வயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்தத் தடவை வேறு தேர்வாளர். ஜெகன் என்னைப் பார்த்தான். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான். இணைப்புக் கொடுத்தான். ஓட்டிப் பார்த்தான்.

மோட்டார் உறுமியது. சுற்றவில்லை.

அன்றைக்கு நின்ற அதே இடத்தில் வந்து நின்றுவிட்டான். தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜெகன் சிவப்புப் பட்டனை அமுக்கினான். கை மூடியை நோக்கிப் போனது.

ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். இங்கிருந்து எட்டாது. கத்தினால்தான் உண்டு, கத்தினால் அவனுக்கு உதவி என்று ஆகிவிடும்.

கை பாதியில் நின்றது. அவன் மெயினை இறக்கினான். விளக்கு அணைகிற வரைக்கும் அதையே பார்த்தான். பூட்டை மாட்டினான். இழுத்துப் பார்த்தான். அட்டையைத் தொங்கவிட்டான். மறுபடி பூட்டை இழுத்துப் பார்த்தான். டெஸ்டரை வைத்தான். அப்புறம்தான் மூடியைக் கழற்றினான். ஒரு கம்பி சரியாக முறுக்கப்படாமல் துள்ளி நின்றது. முறுக்கினான். எல்லாவற்றையும் வந்த வழியே திரும்பச் செய்து பட்டனை அமுக்கினான்.

ஓடியது.

தேர்வாளர் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை. ஜெகன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து என் முன்னால் நின்றான். ஒத்தக்கடை ஸ்டாப்பில் பேசியதற்குப் பிறகு என்னிடம் அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

“பூட்டிட்டேன். போ, போய்ச் சொல்லு.”

“யாருகிட்டடா?”

“யாருகிட்டயா? அந்தா ஒக்காந்துருக்கு பாரு எங்கம்மா, காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. அதுகிட்டப் போய்ச் சொல்லு. சொல்றதுதான் ஒனக்கு நல்லா வருமே.”

அவன் சிரிக்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை. நான் போகிறேனா என்று நின்று பார்த்தான்.

கேட்டை நோக்கி நடந்தேன். நான் வருவதைக் கண்டதும் அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“பாஸா தம்பி?”

மார்க் வர வேண்டும். முடிவு வர வேண்டும். அதற்கு முன்னால் அந்த வார்த்தையை நான் இப்போதெல்லாம் யாருக்கும் சொல்வதில்லை.

“பூட்டிட்டாம்மா,” என்றேன். “ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டான்.”